அமெரிக்க சமோவா: குடியுரிமை வேண்டாம் என்று வழக்காடிய தீவு

கேள்வி | 3 ஜூன் 2025

"பசிபிக் கடலில் அமெரிக்க சமோவா என்று ஒரு தீவு இருக்கிறது. 125 ஆண்டுகளாக அமெரிக்கக் கொடி பறக்கிறது. ஆனால் அங்கே பிறக்கும் குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடையாதாம். இது அடிமைத்தனம் இல்லாமல் வேறென்ன? அந்த மக்கள் ஏன் போராடவில்லை? நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்."

3 ஜூன், இரவு

நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருவன். தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் எஞ்சினியர். ஆக்லாந்து, சுவா, அப்பியா, பாகோ பாகோ என்று தென் பசிபிக்கில் சுற்றும் சிறிய கன்டெய்னர் கப்பலில் சில ஒப்பந்தக் காலங்கள் ஓட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது துறைமுகமும் அதைச் சுற்றிய ஊர்களும்தான். மலைக்கு அந்தப் பக்கம் வாழ்ந்து பார்த்தவன் இல்லை.

முதலில் செய்தி சரியா என்றால், சரிதான். அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்கள் அமெரிக்காவின் "நேஷனல்", குடிமகன் அல்ல. கடவுச்சீட்டு அமெரிக்கக் கடவுச்சீட்டுதான். ஆனால் இவர் குடிமகன் அல்லர் என்று அதில் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். ஹவாயிலோ கலிஃபோர்னியாவிலோ விசா இல்லாமல் போய் வாழலாம், வேலை பார்க்கலாம், ராணுவத்தில் சேரலாம். ஓட்டுப் போட முடியாது. குடியுரிமை வேண்டுமென்றால் அமெரிக்க மண்ணில் குடியேறி, கட்டணம் கட்டி, தேர்வு எழுதி வாங்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகள், வட மரியானா ஆகிய நான்கு ஆட்சிப்பகுதிகளிலும் பிறந்தவுடன் குடியுரிமை உண்டு. சமோவாவில் மட்டும்தான் இல்லை.

"ஏன் போராடவில்லை?" என்ற இடத்தில்தான் கேள்வி வழி தவறுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாழும் சமோவர்கள் சிலர் குடியுரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் அங்குள்ள மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் வாஷிங்டன் அரசு மட்டுமில்லை, அமெரிக்க சமோவாவின் சொந்த அரசும் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே குடியுரிமை கொடுத்துவிடாதீர்கள் என்பது அதன் வாதம். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

காரணம் நிலம். விரிவாக எழுத வேண்டும். நாளை வாட்ச் முடிந்து வருகிறேன்.

4 ஜூன்

இல்லை ஐயா, ஹவாய்க்குப் பக்கத்தில் இல்லை. ஹொனலூலுவிலிருந்து தெற்கே 4,000 கிலோமீட்டருக்கு மேல். நிலநடுக்கோட்டைத் தாண்டி, நியூசிலாந்துக்கும் ஹவாய்க்கும் இடைவழியில் இருக்கிறது. தென் அரைக்கோளத்தில் மக்கள் வாழும் அமெரிக்க ஆட்சிப்பகுதி இது ஒன்றுதான். மொத்த நிலப்பரப்பு சுமார் 200 சதுர கி.மீ. முக்கியத் தீவு துதுயிலா. கிழக்கே மனுஆ என்று மூன்று சிறு தீவுகள். அப்புறம் ரோஸ், ஸ்வெய்ன்ஸ் என்று இரண்டு பவளத் தீவுகள். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 49,710. அதற்கு முந்தைய 2010 கணக்கில் 55,519. பத்து ஆண்டுகளில் பத்தில் ஒருவர் குறைந்திருக்கிறார்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தலைநகரை வரைபடத்தில் பாகோ பாகோ என்று படிக்கிறோம். அங்குள்ளவர்கள் பாங்கோ பாங்கோ என்கிறார்கள். அந்தத் துறைமுகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய எரிமலையின் வாய் அரித்துக் கடல் உள்ளே புகுந்த இடம். வளைகுடா உள்ளே வந்து மேற்காக மடங்குகிறது. மடங்கிய பிறகு வெளிக் கடலே கண்ணுக்குத் தெரியாது. சுற்றிலும் செங்குத்தான பச்சை மலை. கிழக்கே நிற்கும் பியோவா மலைக்கு "மழை கொண்டுவருபவன்" என்று பெயர். அந்தப் பெயருக்கு அது குறை வைத்ததே இல்லை. எஞ்சின் அறையிலிருந்து மேலே வந்தால் வியர்வையா மழையா என்று தெரியாமல் நனைந்து நிற்போம்.

அமெரிக்கா இந்தத் தீவைப் பிடித்ததே துறைமுகத்துக்காகத்தான். நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி நிரப்ப ஓர் இடம் வேண்டியிருந்தது. 1899-இல் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் உட்கார்ந்து சமோவாவைப் பங்கு போட்டன. மேற்குப் பகுதி (இன்றைய சுதந்திர சமோவா) ஜெர்மனிக்கு, கிழக்குப் பகுதி அமெரிக்காவுக்கு. பிரிட்டன் வேறு இடங்களில் ஈடு வாங்கிக்கொண்டு விலகியது. 1900 ஏப்ரல் 17 அன்று துதுயிலாவின் தலைவர்கள் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள், மனுஆவின் தலைவர் 1904-இல். 1951 வரை கடற்படையின் ஆட்சி. அதன் பிறகு உள்துறை அமைச்சகத்தின் கீழ். மக்கள் ஓட்டுப் போட்டு ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1977-இல்தான் வந்தது.

5 ஜூன்

நிலம்.

தீவில் ஏறக்குறைய 90 சதவீத நிலம் தனிமனிதர் யாருக்கும் சொந்தமில்லை. ஆயிங்கா எனப்படும் பெருங்குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்துக்கு ஒரு தலைவர்; அவருக்கு மதாய் என்று பட்டம். அப்பாவுக்குப் பிறகு மூத்த மகன் என்று தானாக வருவதில்லை. குடும்பம் கூடிப் பேசி, இழுத்தடித்து, சண்டை போட்டு, ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஒத்துப் போகாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நிலம், பட்டம் இரண்டுக்குமென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே போவார்கள். யார் எங்கே வீடு கட்டலாம், யார் எந்தச் சரிவில் சேம்பு நடலாம் என்று சொல்வது மதாய்.

சட்டமன்றத்துக்கு ஃபோனோ என்று பெயர். அதன் மேலவையில் 18 பேர். அவர்களைப் பொதுமக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. மதாய்கள் கூடி வழக்கப்படி அனுப்புகிறார்கள். கீழவைக்கு மட்டும்தான் தேர்தல்.

இந்த நிலத்தை வெளியாள் வாங்க முடியாது. சமோவ ரத்தம் பாதிக்குக் குறைந்தவருக்கு விற்கவோ எழுதிக்கொடுக்கவோ சட்டம் இடம் தராது. இங்கேதான் குடியுரிமை வந்து முட்டுகிறது. அமெரிக்க அரசமைப்பு முழுமையாக உள்ளே வந்தால், பிறப்பைப் பார்த்து நிலம் கொடுக்கும் சட்டம் சமத்துவ விதிக்கு முரண் என்று ஒருவன் வழக்குப் போடுவான், சட்டம் விழும், சட்டம் விழுந்த மறுநாள் ஹோட்டல்காரன் வருவான். ஹவாயில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே சமோவர்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கிறார்கள். சொந்த மண்ணில் ஹவாய்க்காரர்கள் வீட்டு வாடகைக்குத் திண்டாடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்.

துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும் பெரியவர் ஒருவர், அவரே ஒரு மதாய், இதை என்னிடம் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "அவர்கள் ஓட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். அதைப் போட்டுவிட்டு வருவதற்குள் வீட்டில் வேறொருவன் இருப்பான்."

சாலையில் போகும்போது வீடுகளின் முன்னால் கல்லறைகள் தெரியும். சுவரோரமாக மறைத்து வைத்தவை அல்ல. வாசலிலேயே, கூரை போட்டு, பூ வைத்து. பாட்டனும் பாட்டியும் அங்கே படுத்திருக்க, பக்கத்தில் பேரப்பிள்ளைகள் துணி காயப்போடுவார்கள். அப்படிப்பட்ட மனையை யார் விலை பேசுவது?

5 ஜூன், சற்றுப் பிறகு

"அப்படியானால் வங்கியில் கடன் எப்படி வாங்குவார்கள்?" என்று கோவை நண்பர் கேட்டிருக்கிறார். இந்த இழையின் நல்ல கேள்வி இதுதான். நிலத்தை அடமானம் வைக்க முடியாது. அதனால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மதாயும் வீடு கட்டுபவரும் ஓர் ஒப்பந்தம் எழுதுவார்கள்: வீடு வேறு, அது நிற்கும் நிலம் வேறு. வீட்டை மட்டும் அடமானமாக வங்கி ஏற்கும். கடன் திரும்பாவிட்டால் வங்கிக்குச் சுவரும் கூரையும்தான் மிச்சம். ஆகவே வங்கி யோசித்து யோசித்துத்தான் கொடுக்கும். பெரிய தொழில் எதுவும் தீவில் முளைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நிலம் காப்பாற்றுகிறது, அதே நிலம் கட்டியும் வைக்கிறது.

மனை விலை கேட்ட இன்னொரு நண்பருக்கு: மேலே எழுதியதைப் படிக்காமலேயே கேட்டிருக்கிறீர்கள்.

8 ஜூன்

இப்போது பிழைப்பு. மூன்றே மூன்று இடங்களிலிருந்து பணம் வருகிறது: அரசு வேலை, வாஷிங்டன் மானியம், சூரை மீன்.

சூரை என்றால் டப்பாவில் அடைத்த சூரை. துறைமுகத்தின் வடகரையில் ஸ்டார்கிஸ்ட் ஆலை நிற்கிறது. 1963 முதல் இயங்குகிறது. 2008-இல் டோங்வோன் என்ற கொரிய நிறுவனம் வாங்கியது. சூரைக் கப்பல்கள் ஆலைக்கு முன்னாலேயே வந்து கட்டும். மீன் கல்லாக உறைந்து வரும். கரைத்து, அளவு பிரித்து, நீராவியில் வேகவைத்து, ஆறவைத்து மேசைக்கு அனுப்புவார்கள். மேசைதான் ஆலையின் உயிர். வரிசை வரிசையாகப் பெண்கள் தலையில் வலை கட்டி, கையில் சிறு கத்தியுடன் நிற்பார்கள். தோலைச் சுரண்டி, முள்ளை எடுத்து, வெளிர் சதையைத் தனியாகவும் கருஞ்சதையைத் தனியாகவும் பிரிப்பார்கள். கருஞ்சதை பூனை உணவுக்குப் போகும். இதில் எந்திரம் இன்னும் கையை வெல்லவில்லை. அதன் பிறகு டப்பா, மூடி, அழுத்த அடுப்பு, பெட்டி, கன்டெய்னர். கன்டெய்னரிலிருந்து என் கப்பல்.

தீவுக்குள் அரிசி, கோழி, சிமெண்ட், டயர் என்று எல்லாம் கன்டெய்னரில் வரும். வெளியே போவது ஏறக்குறைய சூரை டப்பா மட்டும்தான். மீதிக் கன்டெய்னர்கள் காலியாகத் திரும்பும். ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் படிக்கப் புத்தகம் வேண்டாம், காலிப் பெட்டிகளை எண்ணினால் போதும் என்று எங்கள் தலைமை அதிகாரி சொல்வார்.

ஆலை ஏன் இங்கே? மீன் பக்கத்தில் கிடைக்கிறது, அது ஒன்று. அதைவிடப் பெரியது சட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களில் நேரடியாக மீனை இறக்க முடியாது. அமெரிக்க சமோவாவில் முடியும். இங்கிருந்து போகும் டப்பாவுக்கு அமெரிக்காவில் சுங்க வரி கிடையாது. தாய்லாந்திலிருந்து போகும் டப்பாவுக்கு உண்டு. அந்த வரி வித்தியாசத்தின் மேல்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரிகிறது.

கூலியும் ஒரு காரணமாக இருந்தது. 2007-க்கு முன்பு ஆலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.26 டாலர். அமெரிக்க நாடாளுமன்றம் ஆண்டுக்கு அரை டாலர் வீதம் ஏற்றச் சொல்லிச் சட்டம் போட்டது. 2009-இல் 4.76 ஆனது. அந்த ஆண்டுதான் தீவில் இன்னொரு சூரை ஆலை நடத்திய சிக்கன் ஆஃப் தி சீ நிறுவனம் தன் ஆலையை மூடுவதாக அறிவித்தது. செப்டம்பர் 30 அன்று மூடியது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு வேலை போயிற்று. அதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 29 காலை, நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும். அமெரிக்க சமோவாவில் மட்டும் 34 பேர் இறந்தார்கள். நாங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த நீண்ட குறுகிய துறைமுகம், அலையை உள்ளே வாங்கிக் குறுக்கி உயர்த்திவிட்டது. வளைகுடாவின் கோடியில் படகுகள் சாலைக்கு வந்து கிடந்தன. ஒரே வாரத்தில் அலையும் ஆலை மூடலும்.

அதன் பிறகு ட்ரை மரைன் என்ற நிறுவனம் 2015-இல் புதிய ஆலை திறந்தது. இரண்டே ஆண்டுகள் தாங்கவில்லை. 2016 டிசம்பரில் டப்பா அடைப்பதை நிறுத்தியது. இன்று நிற்பது ஒரே ஆலை. அதுவும் போனால் என்ன என்று தீவில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஆலை போனால் மீன் மட்டுமல்ல, கன்டெய்னர் கப்பல்களும் குறையும். கப்பல் குறைந்தால் அரிசிக்குச் சரக்குக் கட்டணம் ஏறும். மின்சாரக் கட்டணமும் ஏறும். மின்வாரியத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் ஆலைதான்.

9 ஜூன்

ஆமாம், அந்தச் சூரைக் கப்பல்கள் போடுவது சுருக்குமடி. ராமேஸ்வரத்து நண்பர் கொதிப்பது புரிகிறது. நம் கரையில் 2000-த்திலேயே தடை செய்த வலை, இன்னும் நீதிமன்றத்தில் இழுபடுகிறது. அங்கே அது நடுக்கடலில், கரையிலிருந்து பல நாள் பயணத்தில், ஹெலிகாப்டர் வைத்து மீன் தேடும் பெரிய கப்பல்களின் தொழில். சமோவச் சிறு மீனவர் அலியா என்ற இரட்டை உடல் அலுமினியப் படகில் தூண்டில் போடுபவர். பெரிய கப்பலைக் கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால் நிறுத்திவைக்கும் விதி நீண்ட காலம் இருந்தது. அதைத் தளர்த்தியபோது அங்கேயும் வழக்கு நடந்தது. சண்டை ஒன்றுதான், தூரம்தான் வேறு.

11 ஜூன்

மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு "நீங்கள் மதாய் கட்சி" என்று ஒரு அம்மையார் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. கிரேன் பெரியவரின் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

முதலாவது, வெளியே போனவர்கள். தீவில் இருப்பவர்களைப் போலப் பல மடங்கு சமோவர்கள் அமெரிக்க மாநிலங்களில் வாழ்கிறார்கள். நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தீவில் எடுக்கும் முடிவின் விலையை அங்கே இருப்பவன் கட்டுகிறான். அலாஸ்காவில் விட்டியர் என்று ஒரு சிற்றூர். அங்கே குடியேறிய சமோவர்கள், அமெரிக்கர் என்று கடவுச்சீட்டு இருப்பதால் ஓட்டும் உண்டு என்று எண்ணிப் பெயர் பதிந்து ஓட்டுப் போட்டார்கள். அதற்காக அவர்கள் மேல் குற்ற வழக்குப் போட்டார்கள். ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதில் மக்கள்தொகை விகிதப்படி முன்வரிசையில் நிற்கும் தீவு. அந்த வீட்டுப் பிள்ளை இராக்கில் சாகலாம், உள்ளூர்ப் பள்ளிக் குழுத் தேர்தலில் ஓட்டுப் போட்டால் குற்றவாளி.

இரண்டாவது, வட மரியானா. 1986 முதல் அங்கே பிறப்புக் குடியுரிமை உண்டு. அங்கேயும் மண்ணின் மக்களுக்கு மட்டும்தான் நிலம் என்று சட்டம் உண்டு. 1990-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அப்படியானால் குடியுரிமை வந்தால் நிலம் போய்விடும் என்ற அச்சம் முழுக்க நிரூபிக்கப்பட்டதல்ல. குடியுரிமை கேட்டவர்களின் வழக்கறிஞர்கள் இதைச் சொல்லிப் பார்த்தார்கள். சமோவத் தலைவர்கள் பதில்: மரியானாவுக்குத் தனி உடன்படிக்கை இருக்கிறது, எங்களுக்கு அப்படி இல்லை; நீதிபதி மாறினால் தீர்ப்பும் மாறும். அந்த நிலையில் நான் இருந்தாலும் நிலத்தை வைத்துப் பரீட்சை பார்த்திருக்க மாட்டேன். ஆனால் விட்டியர்காரர்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று. ஆலை மேசையில் நிற்கும் பெண்களில் பெரும்பகுதியினர் அமெரிக்க சமோவர்களே அல்ல. பக்கத்துச் சுதந்திர சமோவாவிலிருந்து வந்தவர்கள். ஒரே மொழி, ஒரே சாதிசனம், ஒரே தேவாலயப் பாட்டு. பட்டம் மட்டும் அந்தக் கரையில், கூலி இந்தக் கரையில். வெளிநாட்டார் நுழைவைத் தீவு அரசே தீர்மானிக்கிறது. அமெரிக்க விசா கையில் இருந்தாலும் இங்கே செல்லாது. உள்ளூரார் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பல ஆண்டுகளாக மீன் சுரண்டிக்கொண்டிருப்பவரும் அந்தப் பொறுப்பாளர் கைவிட்டால் திரும்ப வேண்டியதுதான். அமெரிக்கா தங்களுக்கு என்ன செய்கிறது என்று குறைப்படும் தீவு, தன் சொந்தக்காரர்களுக்கு அதையே செய்கிறது.

14 ஜூன்

தேதிக்கோட்டைப் பற்றிக் கேட்ட ஆசிரியைக்கு. சுதந்திர சமோவாவின் தலைநகரான அப்பியாவுக்கும் பாகோ பாகோவுக்கும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் தூரம். மாலை கிளம்பினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆனால் கடிகாரத்தில் 24 மணி நேர வித்தியாசம். மணி ஒன்று, நாள் வேறு. அப்பியாவில் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடியிருக்கும். கிளம்பிப் பாகோ பாகோ போய்ச் சேர்ந்தால் அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ஞாயிறும் கடை கிடையாது. சிம் கார்டு வாங்கக் காத்திருக்கும் மாலுமியிடம் கேட்டுப் பாருங்கள் தேதிக்கோடு என்றால் என்னவென்று.

1892-இல் மொத்த சமோவாவும் அமெரிக்க வணிகர்களுக்கு வசதியாகக் கோட்டின் கிழக்குப் பக்கம் மாறியது. அந்த ஆண்டு ஜூலை 4 இரண்டு முறை வந்தது. 2011 முடிவில் சுதந்திர சமோவா மட்டும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வணிகத்துக்காக மேற்கே தாவியது. டிசம்பர் 30 அங்கே வரவே இல்லை. அமெரிக்க சமோவா அசையவில்லை. அதற்கு முன்பே, 2009-இல், மேற்குக்காரர்கள் சாலையின் இடப்பக்கத்துக்கும் மாறிவிட்டார்கள். நியூசிலாந்துப் பழைய கார் மலிவாகக் கிடைக்கும் என்பதுதான் காரணம். கிழக்குக்காரர்கள் இன்னும் வலப்பக்கம். ஜெர்மானியனும் அமெரிக்கனும் 1899-இல் மேசையில் போட்ட கோடு ஆண்டுக்கு ஆண்டு தடிமனாகிக்கொண்டே போகிறது.

19 ஜூன்

மூன்று நாளாகக் கப்பலில் இணையம் இல்லை. அதற்குள் இழை 1918 ஃப்ளூ காய்ச்சலுக்குப் போய்விட்டது, நல்லதுதான். அந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் குழப்பமாக எழுதியிருக்கிறார்கள்.

1918 நவம்பர் 7 அன்று தலுன் என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து அப்பியாவுக்கு வந்தது. கப்பலில் ஃப்ளூ நோயாளிகள். அப்போது மேற்கு சமோவா நியூசிலாந்து ராணுவத்தின் கையில். நிர்வாகி கப்பலைத் தடுக்கவில்லை. சில வாரங்களில் 8,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். கிழக்கே அமெரிக்கக் கடற்படை ஆளுநர் ஜான் பாயர் வானொலியில் செய்தி கேட்டவுடன் துறைமுகத்தை அடைத்தார். வந்த கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். அக்கரையிலிருந்து படகில் வருபவரைத் தடுக்கக் கிராமங்களே காவல் போட்டன. அமெரிக்க சமோவாவில் ஒருவர்கூட அந்தக் காய்ச்சலில் சாகவில்லை. மருத்துவ உதவி அனுப்பட்டுமா என்று பாயர் கேட்டதற்கு அக்கரையிலிருந்து பதிலும் வரவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் தீவு மறுபடியும் கதவை அடைத்தது. சொந்த மக்களையே ஹவாயில் பல மாதங்கள் நிற்கவைத்தது. ஊருக்குள் நோய் பரவியது 2022 பிப்ரவரியில்தான். அதற்குள் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் கப்பல் போனபோது யாரும் இறங்கக் கூடாது. கயிறு கட்டுபவர்கள்கூட எங்களிடமிருந்து தள்ளியே நின்றார்கள். சமையல்காரர் முணுமுணுத்தார். நான் முணுமுணுக்கவில்லை, 1918-ஐப் படித்திருந்தேன்.

20 ஜூன்

ஆம், ஆஸ்திரேலியாவிடம் 31–0 என்று தோற்ற கால்பந்து அணி இதுதான். 2001 ஏப்ரல். கடவுச்சீட்டுச் சிக்கலில் முக்கிய ஆட்டக்காரர்கள் போக முடியவில்லை. பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆடினார்கள். 2011-இல் டோங்காவை 2–1 என்று வென்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களுடைய உண்மையான ஆட்டம் அமெரிக்கப் பாணிக் கால்பந்து. கல்லூரி உதவித்தொகையும் அதில்தான். மக்கள்தொகை குறைந்த எண்ணை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆலை, ராணுவம், பந்து. முதலாவது சுருங்கச் சுருங்க மற்ற இரண்டும் பிள்ளைகளை வெளியே கொண்டுபோகின்றன.

27 ஜூன்

மற்றத் தீவுகளைப் பற்றிச் சிறிதாக, ஏனென்றால் நான் அங்கே இறங்கியதில்லை. மனுஆவின் தஆஉ தீவில் 2016-இல் 1.4 மெகாவாட் சூரியமின் தகடுகளும் 60 பெரிய மின்கலன்களும் வைத்தார்கள். அதுவரை டீசல் படகு தாமதமானால் விளக்கு அணையும் ஊர். ஸ்வெய்ன்ஸ் தீவு 1856 முதல் ஜென்னிங்ஸ் குடும்பத்தின் தென்னந்தோப்பு. புவியியல்படி பக்கத்துத் தீவுக்கூட்டமான டோக்கலாவோடு சேர வேண்டியது. 1925-இல் அமெரிக்கா சேர்த்துக்கொண்டது. 2020 கணக்கெடுப்பில் அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் சட்டமன்றத்தில் ஓட்டில்லாத ஓர் இடம் அதற்கு உண்டு. ஆளில்லாத ஊருக்கு உறுப்பினர் இருக்கும்போது, நம் ஊரில் ஆளிருந்தும் உறுப்பினரைக் காணோம் என்று யாராவது எழுதுவதற்குள் நானே எழுதிவிட்டேன்.

2 ஜூலை

கோவை நண்பர் அனுப்பிய செய்தி உண்மைதான். கடலடியில் கிடக்கும் உலோக உருண்டைகளை அள்ள அமெரிக்க சமோவாவைச் சுற்றிய கடல்தரையைக் குத்தகைக்கு விடும் வேலையை வாஷிங்டன் 2025-இல் தொடங்கியது. 2024-இல்தான் தீவின் ஆளுநர் அப்படிப்பட்ட சுரங்கத்துக்குத் தடை ஆணை போட்டிருந்தார். அவருடைய ஆணை கரையையொட்டிய மூன்று கடல் மைலுக்குத்தான் செல்லும். அதற்கு வெளியே மத்திய அரசின் ஆட்சி.

இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஓட்டையும் விட்டுக்கொடுத்து மண்ணை ஓர் அங்குலம் விடாமல் பிடித்தார்கள். ஆனால் பிழைப்பு மண்ணில் இல்லை, சூரை நீந்தும் கடலில் இருக்கிறது. கடலுக்கு மதாய் கிடையாது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் தீவுக்கு ஒரு பிரதிநிதி உண்டு. அவருக்கும் இறுதி ஓட்டு கிடையாது. மேலே 11-ஆம் தேதிக் குறிப்பில் அந்த நிலையில் நான் இருந்தாலும் பரீட்சை பார்த்திருக்க மாட்டேன் என்று எழுதினேன். அதை எடுக்கவில்லை. ஆனால் கடல்தரையைக் குத்தகைக்கு விடும் வேலை தொடங்கிய பிறகு அந்த வாக்கியம் முன்போல உறுதியாக இல்லை.

மீனவர்கள் பேசுவது மீனுக்கு மேலே கலங்கல் பரவுமா என்பதை. ஆலைக்காரர்கள் பேசுவதும் அதையே. இதில் மட்டும் இருவரும் ஒரே பக்கம்.

5 ஜூலை

சமையல் கேட்டவருக்கு, கடைசியாக. பெயர் பாலுசாமி, நம் ஊர்க்காரர் யாரும் இல்லை, பண்டத்தின் பெயரே அதுதான். ஞாயிறு காலையில் தீவு முழுவதும் கல்லைச் சுட்டு உமு அடுப்பு மூட்டி, தேவாலயத்திலிருந்து திரும்பியதும் எடுப்பார்கள். இளம் சேப்பங்கிழங்கு இலை எட்டுப் பத்தை ஒன்றன் மேல் ஒன்றாகக் கையில் விரித்து, நடுவில் குழித்து, கெட்டியான முதல் தேங்காய்ப்பாலும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் உப்பும் ஊற்றி, முடிச்சாகக் கட்டவும். அவர்கள் மேலே வாழையிலையும் ஈரப்பலா இலையும் சுற்றுவார்கள். வீட்டில் வாழையிலை போதும். இட்லிப் பானையில் வைக்கலாம். அவித்த ஈரப்பலாவோடு சாப்பிட வேண்டியது. எங்கள் கப்பல் சமையல்காரர் இரண்டு பச்சை மிளகாய் சேர்த்தார்; கயிறு கட்ட வந்த சமோவர் ஒருவர் ருசித்துவிட்டு, மரியாதைக்கு முழுவதும் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேக வேண்டும். அரைவேக்காட்டில் எடுத்துத் தின்றுவிட்டுத் தொண்டை அரிக்கிறது என்று இங்கே வந்து எழுதாதீர்கள்.